உன் இலக்கத்தை ஊருக்கெல்லாம் கொடுத்தவன் எழுதுவது

தம்பி,

முதலில் உன் பெயரைப் போட்டுத்தான் எழுதத் தொடங்கினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ பிழை செய்துவிட்டோமோ என்று நீ சின்ன வயதிலிருந்தே முழிப்பாய். முப்பத்தேழு வயதாகியும் அந்த முழி போகவில்லை. இந்தக் கடிதத்தில் பிழை செய்தவன் நான். ஆகையால் தம்பி என்றே இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். அம்மா வைத்த இறால் குழம்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சோபாவில் சரிந்தாய். ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டாய். அம்மா இரண்டு தரம் வந்து நீ மூச்சு விடுகிறாயா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். எழும்பி உட்கார்ந்து, கண்ணைக் கசக்கியபடி என்னைக் கேட்டாய்: "அப்பா, டொக்டர் தந்த லீவு வாற ஞாயிறோட முடியுது. திங்கள் வேலைக்குப் போகட்டோ?" நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போகத்தானே வேணும்" என்றேன். "ஓம் அப்பா" என்றாய். வாசலில் குனிந்து சப்பாத்து நாடா கட்டினாய். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. நான் பார்த்தேன் தம்பி. பார்த்துவிட்டுத் திரும்பவும் டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த இரண்டு சொல்லைத் திருப்பி வாங்கத்தான் இதை எழுதுகிறேன். இன்று வியாழக்கிழமை. நாளைக் காலையில் தபாலில் போட்டால் சனிக்கிழமை உன் கையில் கிடைக்கும் என்று தபால் கந்தோர்ப் பிள்ளை சொன்னாள். வாட்ஸப்பில் பேசி அனுப்பலாமே என்று அம்மா கேட்டாள். வாயால் பேசினால் நான் கடைசியில் ஏதாவது பகிடி விட்டு மழுப்பிவிடுவேன், அது அவளுக்கும் தெரியும். எழுதினால் மழுப்புவது கொஞ்சம் கஷ்டம். எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. அறுபத்தெட்டு வயதில் ஒருவன் தன்னுடைய பிழைகளை வரிசையாக நினைத்துப் பார்ப்பது லேசான காரியம் இல்லை, பார்.

நீ பதினெட்டு வயதில் மனநலத் தாதிப் படிப்புக்கு விண்ணப்பித்தாய். நான் இரண்டு கிழமை உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "ஆம்பிளைப் பிள்ளை, நேர்ஸ் வேலையோ? அதுவும் விசர் ஆஸ்பத்திரியிலயோ?" என்று அம்மாவிடம் கத்தினேன். நீ மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கத்தியதே உனக்குக் கேட்கத்தான். பிறகு கல்யாண வீடுகளில் யாராவது மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டால், மருத்துவப் பக்கம் என்பேன். அவர்கள் டொக்டரோ என்றால் சிரிப்பேன். நீதான் மானத்தை வாங்குவாய். "இல்லை அன்ரி, நான் நேர்ஸ்" என்று நேரே சொல்லிவிடுவாய். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் காருக்குள் நான் உர்ரென்று வருவேன். உன்னுடைய படிப்பைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னது, அது எனக்குப் பெருமை தேடித் தரத் தொடங்கிய பிறகுதான். எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெற்றோல் ஷெட் வேலை முடிந்து நான் வீட்டில் இருக்கத் தொடங்கியதும், கோயிலில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் இடத்தில் உட்கார வைத்தார்கள். நீ அங்கே வருவது குறைவு, அதனால் உனக்கு அந்த இருக்கையின் மகிமை தெரியாது. சனம் வந்து பெயரும் நட்சத்திரமும் சொல்லும். நான் எழுதிக் கொடுப்பேன். பிறந்தநாள் என்று வருகிறவர்களின் குரல் ஒரு மாதிரி, பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதனை என்று வருகிறவர்களின் குரல் வேறு மாதிரி. சிலர் மட்டும் பின்னால் ஆள் நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொல்வார்கள். "மகனுக்கு அண்ணை. கேட்டை." என்ன விசேஷம் என்று கேட்டால், "அறையை விட்டு வெளியில வாறானில்லை. தனியக் கதைக்கிறான்." இன்னொருத்தி: "இவருக்கு. பூராடம். நித்திரை இல்லை, ஷெல் விழுகுது விழுகுது எண்டு எழும்பிறார்." முதல் தரம் அப்படி ஒரு தாய் அழுதபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தச் சீட்டைப் பின்பக்கம் திருப்பி உன் தொலைபேசி இலக்கத்தை எழுதினேன். "என்ர மகன் இந்தத் துறைதான். தமிழில கதைப்பான். நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ" என்றேன். அந்தத் தாய் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தம்பி, அன்று நான் இருந்த இருப்பை நீ பார்த்திருக்க வேண்டும். ஐயர்கூட அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார்.

அதோடு அது பழகிவிட்டது. எங்கள் வீட்டைச் சுற்றி, தோர்ண்டன் ஹீத்திலும் நோர்பரியிலும் இருக்கிற எங்கட ஆட்களுக்கு ஒரு குணம். டொக்டரிடம் போய் மனது சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் வீட்டுக்குக் கடிதம் வரும், வாடகைக்கு இருக்கிற பெடியன் அதைப் பார்ப்பான், பிறகு மகளைக் கட்டிக்கொடுப்பது எப்படி? ஆனால் அர்ச்சனைச் சீட்டைக் கையில் கொண்டுபோனால் அது கோயில் காரியம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்படியே உன்னிடம் வந்தார்கள். நீ சுப்பர்மார்க்கெற் கார்த்தரிப்பில் காரை நிறுத்தி, பக்கத்து இருக்கையில் அவர்களை இருத்தி, கதை கேட்டு, எந்த டொக்டரிடம் போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று விளக்கி அனுப்பினாய். அவர்கள் போகவில்லை. திரும்பத் திரும்ப உன்னிடம்தான் வந்தார்கள். நீ எனக்கு இரண்டு தரம் சொன்னாய். "அப்பா, தயவுசெய்து நம்பரைக் குடுக்காதையுங்கோ. எனக்கு வேலையிலயே தலைக்கு மேல." நான் ஓம் என்றேன். அடுத்த வெள்ளியும் எழுதினேன். எங்கட சனத்துக்கு எங்கட பிள்ளை செய்யாமல் யார் செய்வது என்று எனக்குள் ஒரு நியாயம் வேறு.

உன் வேலைத்தலத்திலும் இதே கூத்துத்தான் என்று எனக்கு விளங்கவே இல்லை. நீ சொல்லாமல் இல்லை. சாப்பாட்டு மேசையில் பகிடியாகச் சொல்வாய். காலைக் கூட்டத்தில் தமிழ்ப் பெயரோடு ஒரு நோயாளி வந்தால் எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்களாம். சரி, தமிழ் என்றால் பரவாயில்லை. பிறகு குஜராத்தி, பிறகு வங்காளி, பிறகு ஆப்கானிஸ்தான். உங்கள் கலாசாரம் உனக்குத்தானே தெரியும் என்று உன் மேலாள் நோயாளியின் ஃபைலை உன் பக்கம் தள்ளுவாளாம். "அப்பா, எனக்கு அந்த மனுசனோட ஒத்துவந்தது தோல் நிறம் மட்டும்தான். அவருக்கு நான் விளங்கேல்லை, எனக்கு அவர் விளங்கேல்லை, ரெண்டு பேரும் ஒரு மணித்தியாலம் சிரிச்சுக்கொண்டு இருந்தம்" என்றாய். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இன்னொரு நாள், ஊசி போடப் போன வீட்டில் ஒரு கிழவர் உன்னை மழையில் வாசலில் நிற்க வைத்து, வெள்ளைக்காரியை அனுப்பு என்று கதவைச் சாத்தினாராம். மேலாளிடம் சொன்னதற்கு, அவர் சுகமில்லாத மனுசன், மனதில் எடுக்காதே என்றாளாம். அடுத்த கிழமையும் உன்னையே அனுப்பினாளாம். அதையும் அந்தக் கிழவரின் குரலில் நடித்துக் காட்டினாய். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். எனக்கு அப்போது அவள் மீது எரிச்சல் வந்தது, பிள்ளை கலகலப்பாகச் சொல்லும்போது இவளுக்கு என்ன என்று.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன்னை ஏதோ சமத்துவக் குழுவில் உட்கார வைத்தார்கள். துண்டுப்பிரசுரத்துக்கு உன் படம் எடுத்தார்கள். பதவி உயர்வு மட்டும் நீ வேலை பழக்கிய பிள்ளைக்குப் போனது. அன்று நீ பகிடி விடவில்லை. என்னிடம் ஏதாவது ஆறுதல் வரும் என்று பார்த்துக்கொண்டு இருந்தாய். நான் என்ன சொன்னேன்? "நாங்கள் வந்த ஆக்கள் தம்பி. அவன் எட்டு மணித்தியாலம் செய்தா நாங்கள் பத்து செய்யோணும். வாய் திறக்கக்கூடாது. ஒருநாளைக்குத் தெரியும்." பத்தொன்பது வருடம் பெற்றோல் ஷெட்டில் ஒரு நாள்கூடச் சுகமில்லை என்று வீட்டில் நின்றதில்லை என்ற பழைய புராணத்தையும் எடுத்து விட்டேன். முழங்கால் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருந்த நாளிலும் போனேன் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். அந்தப் பத்தொன்பதாவது வருடம் முதலாளி இடத்தை விற்றார். புது முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு சொக்லேற் பெட்டியைக் கையில் தந்து அனுப்பினார். பெட்டியில் பாதி விலை என்ற மஞ்சள் ஒட்டுத்தாளைக்கூட உரிக்கவில்லை. பஸ் தரிப்பில் நின்று நானே உரித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோமே, நல்ல சொக்லேற் என்று நீ சொன்னாயே, அதுதான். இப்படிப்பட்ட ஒருவன் உனக்கு வேலை செய்வதைப் பற்றிப் புத்தி சொன்னான். நீயும் கேட்டாய்.

இனி மற்றதைச் சொல்ல வேண்டும். இதை எழுத நேற்றிலிருந்து மனம் பின்னுக்கு இழுக்கிறது.

உன் மனைவி தர்ஷினி கேட்டாள் என்பதற்காக, அவளுடைய தங்கையின் கல்யாணத்தன்று நீ போனை நிறுத்தி வைத்தாய். ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று பின்னேரம், உன்னிடம் வந்துகொண்டிருந்த, கடை வைத்திருக்கிற அந்த மனுசன் மாத்திரைகளை விழுங்கிவிட்டார். அவருடைய மனைவிக்குச் சீட்டில் உன் இலக்கத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அவள் அம்புலன்ஸைக் கூப்பிடாமல் உனக்கு நாலு தரம் போன் அடித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் கடைசியில் அம்புலன்ஸுக்குச் சொன்னார். நல்ல காலம், மனுசன் பிழைத்துக்கொண்டார். அடுத்த நாள் காலை கோயிலில் அவளுடைய தமையன் என்னிடம் வந்தார். "என்ன அண்ணை, உங்கட மகன் போனை நிப்பாட்டிப்போட்டு நிக்கிறார்? உயிர் போற நேரம்!" என்று சனத்துக்கு முன்னால் கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்கலாம்? என் மகன் உங்களுடைய நேர்ஸ் இல்லை, அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது, அப்படியான நேரத்தில் அடிக்க வேண்டிய இலக்கம் வேறு, அதை அவன் உங்களுக்கு எழுதித் தந்தும் இருக்கிறான். இவ்வளவையும் சொல்லியிருக்கலாம். நான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அதோடு நின்றேனா? வெளியில் வந்து உனக்குப் போன் அடித்தேன். "ஏன் தம்பி போன் எடுக்கேல்லை? ஆக்கள் என்னைக் கேக்கினம்." அந்த மனுசன் உயிரோடு இருக்கிறாரா என்பதைக்கூட நான் முதலில் சொல்லவில்லை. நீயாகக் கேட்ட பிறகுதான் சொன்னேன். பிறகு, "கல்யாண வீட்டில நிண்டனான் அப்பா" என்றாய். பிந்தி வந்த பள்ளிக்கூடப் பிள்ளை வாத்தியாரிடம் சொல்வது போலச் சொன்னாய். அடுத்த நாள் திங்கட்கிழமை காலையில் வேலைத்தலத்தில் காரை நிறுத்தினாயாம், கதவைத் திறக்க ஏலவில்லையாம். இரண்டு மணித்தியாலம் அப்படியே ஸ்டியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தாயாம். தர்ஷினி பஸ் எடுத்து வந்துதான் உன்னை வீட்டுக்குக் கொண்டுபோனாள். டொக்டர் ஆறு கிழமை லீவு எழுதிக் கொடுத்தார்.

இவ்வளவும் எனக்குத் தெரிய வந்தது எப்படி என்று உனக்குத் தெரியாது. அந்தக் கிழமையே தர்ஷினி தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு கடைப் பையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் தலைகீழாகக் கவிழ்த்தாள். முழுவதும் அர்ச்சனைச் சீட்டு. முன்னுக்கு ஒரு பெயர், ஒரு நட்சத்திரம். பின்னுக்கு என் கையெழுத்தில் உன் இலக்கம். "மாமா, இவ்வளவும் இவரின்ர காருக்குள்ள கிடந்தது. எறியச் சொன்னா எறியிறாரில்லை. ஒவ்வொண்டும் ஒரு ஆள் எண்டு சொல்லுறார்" என்றாள். அவள் அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "கிழமையில அஞ்சு நாள் ஆஸ்பத்திரிக்கு நேர்ஸ். மிச்ச நேரம் உங்கட கோயிலுக்கு நேர்ஸ். எனக்கு எப்ப மாமா புருசன்?" என்றாள். வெளியில் இப்படி ஆட்களைப் பார்ப்பது தெரிந்தால் உன் தாதிப் பதிவுக்கே ஆபத்து என்பதையும் அவள்தான் சொன்னாள். அம்மா அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். அடுக்கி முடித்து என்னைப் பார்த்து, "உங்கட பெருமைக்கு என்ர பிள்ளை கூலியோ?" என்று கேட்டாள். நாற்பத்தோரு வருடத்தில் அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

அதற்கடுத்த வெள்ளி ஒரு அம்மா வந்தா. மருமகளுக்குப் பிள்ளை பிறந்த பிறகு ஒரே அழுகையாம். யாரோ சொல்லி என்னைத் தேடி வந்திருக்கிறா. "உங்கட மகன்ர நம்பரைத் தாங்கோ அண்ணை" என்றா. "தரேலாது பிள்ளை, அவன் சுகமில்லாமல் இருக்கிறான்" என்றேன். "என்ன சுகமில்லை? காய்ச்சலோ?" என்று கேட்டா. காய்ச்சல் என்று சொல்லிவிட எனக்கு ஒரு விநாடி போதும். நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், எல்லாம் தெரிந்த முகம். "மனசு சுகமில்லை. வேலை கூடிக் களைச்சுப்போனான். டொக்டர் லீவு குடுத்திருக்கிறார்" என்றேன். அந்த அம்மா ஒரு அடி பின்வாங்கினா. மருமகளை டொக்டரிடமும், பிள்ளை பார்க்க வீட்டுக்கு வரும் நேர்ஸிடமும் வெளிப்படையாகச் சொல்லச் சொன்னேன். அதற்குத் தலையாட்டினா. போகப் போனவ திரும்பி வந்து, "உங்கட மகன்ர நட்சத்திரம் என்ன?" என்று கேட்டா. மருமகளுக்கு ஒரு சீட்டும் உனக்கு ஒரு சீட்டுமாக வாங்கிக்கொண்டு உள்ளே போனா. எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கைச் சிந்துகிற மாதிரி மறைத்தேன். உன்னை எல்லோருக்கும் கொடுத்தேனே தவிர, உனக்கு ஒரு சீட்டு எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றோடு அந்த இருக்கையை விட்டுவிட்டேன். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். அம்மா நம்பவில்லை, அடுத்த வெள்ளி வந்து நேரில் பார்த்துவிட்டுப் போனாள்.

இவ்வளவும் விளங்கின மனிதன் போன ஞாயிற்றுக்கிழமை ஏன் "போகத்தானே வேணும்" என்றான் என்று நீ கேட்பாய். எனக்கே அந்தக் கோபம் தீரவில்லை. விளங்கினது வேறு, வாய் பழகினது வேறு. என் வாயை நம்பாதே. நீயும் அதைத்தான் செய்கிறாய் என்பதுதான் என் பயம். உன்னிடம் வருகிறவர்களுக்கு எவ்வளவு அழகாகச் சொல்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடு, இல்லை என்று சொல்லப் பழகு, நித்திரையை விடாதே என்று. நீ மதியம் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று? உன்னோடு வேலை செய்கிற அந்த கானா நாட்டு அக்கா, லீவு எடுத்தால் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டா என்று சொன்னாயே. எங்களைப் போல வந்தவர்கள் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை சேர்ந்திருந்து மனம் விட்டுக் கதைக்கிறோம், நீயும் வா என்று அவ கூப்பிட்டதற்கு நேரமில்லை என்றாயே. அங்கே போ தம்பி. அந்தக் கிழவர் கதவைச் சாத்தியதை அங்கே போய்ச் சொல். அங்கே நடித்துக் காட்டாமல் சொல்லலாம். பெயரைப் பார்த்து ஃபைலைத் தள்ளினால், ஏன் எனக்கு என்று கேள். அந்தக் கேள்வியை உன்னைக் கேட்க விடாமல் வளர்த்தவன் நான்தான். இப்போது கேட்கச் சொல்கிறேன், கோபப்படாதே.

நேற்று நான் ஒரு இடத்துக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. போன வருடம் நீ நச்சரித்து நச்சரித்து, என் கெட்ட கனவுகளைப் பற்றி யாரிடமாவது கதைக்க வேண்டும் என்று டொக்டரிடம் பெயர் கொடுக்க வைத்தாயே. உன் வாயை அடைக்கத்தான் கொடுத்தேன். முறை வந்து கடிதமும் வந்தது, புதன்கிழமை பதினொரு மணிக்கு என்று. அதைப் பத்திரிகைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு எடுத்து மேசையில் வைத்தேன். அம்மா புதன் காலையில் என் சேர்ட்டை அயன் பண்ணி வைத்தாள்.

சின்ன அறை. ஒரு வெள்ளைக்காரப் பெண், உன் வயது இருக்கும். பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த தமிழ்ப் பெண்மணி, நரைத்த தலை, எங்கட பக்கத்து ஆள்தான். எனக்கு இப்போது இங்கிலிஷ் தெரியும், ஆனால் அந்தக் கதைக்கு என்னிடம் இங்கிலிஷ் இல்லை. ஊரில் இராணுவ முகாமில் என்னை வைத்திருந்த ஏழு மாதத்தையும் சொன்னேன். முதுகில் இருக்கும் தழும்புகள் எதனால் என்று சொன்னேன். என்னோடு இருந்த இருவரை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று சொன்னேன். அந்தப் பெண்மணி நடுவில் ஒரு தரம் தண்ணீர் குடித்தா. எல்லாம் முடிய வெள்ளைக்காரப் பெண் மெதுவாகக் கேட்டாள், இதை இதற்கு முதல் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று.

"ஓம். என்ர மகனிட்டச் சொன்னனான். அவன்தான் லோயருக்கு இங்கிலிஷில சொன்னவன். அப்ப அவனுக்குப் பத்து வயசு" என்றேன்.

மொழிபெயர்க்கிற பெண்மணி பேனையை மேசையில் வைத்தா. என்னையே பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகுதான் சொன்னா. எனக்கும் அப்போதுதான் காதில் விழுந்தது தம்பி, நான் என்ன சொன்னேன் என்று.

எங்கள் அகதி வழக்கைப் பார்த்த வழக்கறிஞர், மொழிபெயர்க்க ஆள் பிடித்துத் தருகிறேன் என்றுதான் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். வெளியாள் வந்தால் ஊரெல்லாம் கதை போகும், என் பிள்ளை இருக்கிறான் என்றேன். நீ பள்ளிக்கூட உடுப்போடு வந்தாய். இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் உனக்கு அவ்வளவு இங்கிலிஷ். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நீ என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னாய். தெரியாத சொல்லுக்கு உன் முதுகில் கையை வைத்துக் காட்டினாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "அப்பா, நான் எல்லாம் சரியாச் சொன்னனானோ? எங்களை இருக்க விடுவினமோ?" என்று கேட்டாய். நான் உன் தலையைத் தடவி, "வடிவாச் சொன்னாய். இனி எல்லா இடத்துக்கும் நீதான் என்னோட வாறாய்" என்றேன். உனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

நீ பதினெட்டு வயதில்தான் இந்த வேலையைத் தேடிக்கொண்டாய் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இல்லை. அந்த பஸ்ஸில் உனக்கு இந்த வேலையைக் கொடுத்தவன் நான். உனக்கு லீவும் கொடுக்கவில்லை, இரவு எப்படி நித்திரை வருகிறது என்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வேலைக்குத் திங்கட்கிழமை போவதா, இன்னும் இரண்டு மாதம் கழித்துப் போவதா, போகாமலே விடுவதா என்பதை நீயும் தர்ஷினியும் டொக்டரும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்காதே. ஆனால் நான் கொடுத்த வேலை ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து உன்னை இன்றோடு நிறுத்துகிறேன். இனி என் கதையை நானே சொல்லிக்கொள்வேன். அடுத்த புதன்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் தனியாகப் போய் வருவேன்.

அப்பா